இரண்டு மாயாவிகள்

சேந்தமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகனுக்கு வாரத்துக்கு ஒரு சித்திரக் கதைதான் வாங்கித் தர அவருக்குக் கட்டுப்படியாகுமாம். இந்த வாரம் பையன் இரண்டு மறுபதிப்புகளைக் காட்டிக் கேட்கிறான். இரண்டிலும் கதாநாயகன் மாயாவி. எதை வாங்குவது? கேள்வி நியாயமானது. நாவலை எந்தத் தராசில் நிறுக்கிறேனோ அதிலேயே இதையும் நிறுத்துப் பார்க்கிறேன்.

பெயரைத் தவிர இருவருக்கும் சம்பந்தமில்லை. ஒருவர் முகமூடி போட்ட காட்டு மாயாவி. 1936ல் அமெரிக்க தினசரிகளுக்காக லீ ஃபாக் படைத்தவர். தகப்பனுக்குப் பின் மகன் என்று இருபத்தொரு தலைமுறையாக அதே முகமூடியை அணிகிறார்கள்; காட்டு ஜனங்களோ அவரைச் சாவில்லாதவர் என்று நம்புகிறார்கள். அருமையான கற்பனை. ஆனால் அதைச் சொல்லித்தான் தெரியவைக்க வேண்டும். படத்தில் தெரிவது கட்டுமஸ்தான ஓர் ஆள், அவ்வளவே.

மற்றவர் இரும்புக்கை மாயாவி. 1962ல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் பிறந்தவர். 1972ல் முத்து காமிக்ஸின் முதல் புஸ்தகமாகத் தமிழுக்கு வந்தார். ஆராய்ச்சிக்கூட உதவியாளர் ஒருவர். ஒரு கை எஃகுக் கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், எஃகுக் கை மட்டும் மறையாது. கண்ணுக்குத் தெரியாதவனை எப்படி வரைவது? ஸ்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வெறும் அறையை வரைகிறார், கதவை வரைகிறார், அந்தரத்தில் ஒரு கையை வரைகிறார். வசனத்தை விரலால் மூடிக்கொண்டு பாருங்கள்; பயம் அப்படியே இருக்கும். உங்கள் கொல்லிப் பாவைகூடச் சிரித்தே ஆளைக் கொல்வாள் என்பார்கள். பேசினாள் என்று யாரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் உண்டு. மின்சாரத்தின் வேகம் குறைந்ததும் அவர் உருவம் வெளிப்பட்டுவிடும். கதை ஓடுவதே அந்தப் பலவீனத்தால்தான். முதல் கதையில் அவர் நல்லவருமில்லை. கிடைத்த சக்தியைக் கெட்ட காரியத்துக்கே உபயோகிக்கிறார். பையன் கெட்டுப் போவானே என்று தகப்பனார் பயப்பட வேண்டியதில்லை. யாரும் பார்க்காதபோது மனுஷன் என்ன செய்வான் என்பது 1897ல் எச். ஜி. வெல்ஸ் தம் நாவலில் எடுத்துக்கொண்ட விஷயம். பத்து வயதுப் பையன் அதை யோசித்தால் லாபமே.

பிந்திய கதைகளுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். மாயாவி ரகசிய உளவாளியாகிறார். எஃகு விரலில் துப்பாக்கி, விஷவாயு என்று ஆயுதங்கள் முளைக்கின்றன. பிளாஸ்கோவின் கோடுகள் அப்போதும் அழகுதான். ஆனால் எதற்கும் ஓர் ஆயுதம் கையிலிருக்கிறவனைப் பற்றி எனக்கென்ன கவலை? ஆகையால் இரும்புக்கை மாயாவியை வாங்குங்கள். வாங்குமுன் அது முதல் கதைதானா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.