மார்ஷல் மெதுவாகவா வீசினார்?

யூடியூபில் 1980-களின் கிரிக்கெட்டைப் பார்க்க உட்காரும் பிள்ளைகளுக்கு முதல் ஐந்து நிமிடம் சிரிப்பிலேயே போய்விடுகிறது. காதோரம் வழியும் கிருதா, மேல் பட்டன்கள் திறந்த சட்டை, உள்ளே மின்னும் செயின், கால்காப்பில் தோல் வாரும் பக்கிளும். முதுகில் பெயரும் கிடையாது, எண்ணும் கிடையாது; நடையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கோர் எவ்வளவு என்று திரையின் மூலையில் தேடினால் ஒன்றும் இருக்காது. ஓவர் முடிந்ததும் யாராவது மனம் வைத்தால் ஒரு வரி வந்து போகும். சிரித்துவிட்டுப் போகட்டும், தப்பில்லை. சிரித்து முடித்த கையோடு ஒரு தீர்ப்பையும் சொல்லிவிடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை: “இதெல்லாம் ஒரு ஸ்பீடா?”

பழசாகிப்போனது கேமரா. அதன் குறையை மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர் மால்கம் மார்ஷலின் கணக்கில் எழுதுகிறோம்.

தில்லி கோல் மார்க்கெட் பக்கம் இந்த வாக்குவாதம் கொஞ்சம் சூடாகவே நடக்கும்.  சந்தையைச் சுற்றியிருந்த அரசுக் குவார்ட்டர்ஸ்களில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தமிழ்க் குடும்பங்கள். பிள்ளைகளுக்கு மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளி. விளையாட்டு பார்க்க இதைவிட வசதியான இடம் அன்றைய இந்தியாவில் குறைவு. தில்லியில் தொலைக்காட்சி 1959 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. சென்னைக்கு வர 1975 ஆகஸ்ட் ஆயிற்று. சிவாஜி ஸ்டேடியமும் தால்கட்டோராவும் நடந்துபோகும் தூரம், பெரோஸ் ஷா கோட்லா ஒரு பஸ் தூரம். ஆட்டத்தை மைதானத்திலும் பார்த்து, அதே காலத்து ஒளிபரப்பை ஷட்டர் வைத்த மரப்பெட்டி டி.வி.யிலும் பார்த்த தலைமுறை இங்கே இருந்தது. திரையில் தெரிந்ததற்கும் மைதானத்தில் நடந்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர், எனக்கு மாமா முறை. பேரன் போனில் 1983 கோட்லா டெஸ்டில் மார்ஷலைக் கவாஸ்கர் ஆடிய இன்னிங்ஸின் துண்டு ஒன்றைக் காட்டினான்.

“தாத்தா, பந்து மிதந்து வர்ற மாதிரி இருக்கு. இதை ஹூக் பண்ணினதுக்கா இவ்வளவு பில்டப்?”

“மிதந்தா? டேய், கேலரியில உக்காந்திருந்த எங்க கண்ணுக்கே பந்து படலை. கீப்பர் கையில விழற சத்தம் கேட்டப்புறம்தான் வீசியாச்சுன்னே தெரிஞ்சுது. நீ அந்த டப்பாவை மூடு.”

தாத்தா கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார். ஆனாலும் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர்தான்.

அந்த இன்னிங்ஸின் பின்கதை தெரிந்தால்தான் நாடா பேசும். 1983 ஜூன் 25-ல் லார்ட்ஸில் தோற்ற மேற்கிந்தியத் தீவுகள், அந்த ஆண்டுக் கடைசியில் பழி தீர்க்கவே இங்கே வந்திறங்கியது. கான்பூரில் முதல் டெஸ்ட். மார்ஷல் வீசிய ஒரு பந்தில் கவாஸ்கரின் மட்டை கையைவிட்டே பறந்தது. அடுத்தது கோட்லா, அக்டோபர் 29. பல வருஷமாக ஹூக்கை மூட்டை கட்டி வைத்திருந்தவர், அதை அவிழ்த்தார். 37 பந்தில் அரை சதம், 94 பந்தில் சதம், மொத்தம் 121. பிராட்மனின் 29 சதங்களைத் தொட்டது அன்றைக்குத்தான். வெங்சர்க்கார் 159 எடுத்தார், ஆட்டம் டிரா. அந்தத் தொடரில் மேற்கிந்தியத் தீவுகள் மூன்று டெஸ்டுகளில் வென்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆறாத கோபத்தோடு வந்த அணிக்கு எதிராக அடித்த சதம் அது.

இப்போது பேரன் பார்த்த துண்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பந்தின் வேகத்தை மணிக்கு 140 கிலோமீட்டர் என்று வைத்தால், ஒரு வினாடியில் ஏறத்தாழ 39 மீட்டர் ஓடும். நம்மூர் ஒளிபரப்பு வினாடிக்கு 25 சட்டகம். ஒவ்வொரு சட்டகமும் இரண்டு பாதியாக, மொத்தம் 50 பாதிப்படங்களாகத் திரைக்கு வந்தது. அன்று டி.வி.யில் பார்த்தவருக்கு அந்த ஐம்பதும் கிடைத்தன. யாரோ வீட்டில் வி.எச்.எஸ். கேசட்டில் பதிந்து, அதிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு எடுத்து, பிறகு கணினியில் ஏற்றும்போது பெரும்பாலும் பாதி தொலைந்துபோகிறது. மிஞ்சிய 25-ல் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பந்து ஒன்றரை மீட்டர் தாண்டிவிடும். கையிலிருந்து மட்டைக்கு வருவதற்குள் பதினொரு படம், மிஞ்சினால் பன்னிரண்டு. பந்து தரையில் பட்ட கணம் இரண்டு படங்களுக்கு நடுவில் விழுந்து காணாமலே போகலாம். எழும்பிய இடம் தெரியாத பவுன்சர், மங்கிய ஒரு கோடாக வந்து சேரும். அதைத்தான் பேரன் மிதப்பது என்கிறான்.

வேகம் தெரியாததற்கு இன்னொரு காரணம் கோணம். பந்துவீச்சாளரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது பந்து நம்மை விட்டு நேர்கோட்டில் விலகிப் போகிறது. அப்படிப் போகும் பொருளின் வேகத்தைக் கண்ணால் அளக்க முடியாது. இன்றும் முடியாது. இன்று திரையில் 148 என்று ஓர் எண் வந்து நம்மை நம்பவைக்கிறது, அவ்வளவுதான். பழைய ஒளிபரப்பில் அந்த எண் கிடையாது. சட்டகமும் அகலமாக இருக்கும், ஆள் சின்னதாகத் தெரிவார். போதாக்குறைக்கு, பல பழைய ஒளிபரப்புகளில் கேமரா ஒரு முனையில் மட்டும்தான். ஒரு ஓவர் பந்துவீச்சாளரின் முதுகு, அடுத்த ஓவர் விக்கெட் கீப்பரின் முதுகு. கீப்பர் பக்கத்து ஓவரில் மட்டையாளரின் உடம்பே பந்தை மறைத்துவிடும். அந்த ஓவர்களைப் பார்த்து யாருடைய லைனையும் லெங்த்தையும் பேசுவது வீண் வேலை. இரண்டு முனையிலும் கேமரா என்பதை 1977-ல் தொலைக்காட்சி அதிபர் கெர்ரி பேக்கரின் ஆட்கள் ஆஸ்திரேலியாவில் வழக்கமாக்கினார்கள். மற்றவர்கள் மெதுவாகத்தான் பின்தொடர்ந்தார்கள்.

சரி, வேகத்தை எதை வைத்துப் பார்ப்பது? கீப்பரைப் பாருங்கள். கோட்லாவில் கீப்பர் ஜெஃப் துஜான். ஸ்டம்பிலிருந்து அவர் எத்தனை தூரம் தள்ளி நிற்கிறார், பந்தை எந்த உயரத்தில் வாங்குகிறார், ஸ்லிப் வரிசை எங்கே தொடங்குகிறது என்று கவனித்தால் போதும். கேமரா தூரத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டினாலும் அவர் நிற்கும் இடம் மாறாது. பிட்ச்சில் பந்து எப்படி வருகிறது என்று அறிந்த ஓர் ஆள், அதன்படி நின்றிருக்கும் இடம் அது. அடுத்தது மட்டையாளரின் பின்னங்கால். கவாஸ்கரின் கால் குறுக்கே நகர்ந்து முடிவதற்கும் மார்ஷலின் கை சுழன்று முடிவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். கால் முதலிலேயே போய் நின்றுவிடுகிறது. நேரம் இல்லாத இடத்தில் நேரம் உண்டாக்கிய கால் அது. மார்ஷல், மேற்கிந்தியத் தீவுகளின் ஜோயல் கார்னரைப் போல உயரத்தால் மிரட்டுகிறவர் அல்லர். அவரது ஷார்ட் பந்து சறுக்கிக்கொண்டு கழுத்துக்கு வரும். அதனாலேயே நாடாவில் அது சாதாரணமாகத் தெரிகிறது.

உடையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அங்கேயே ஒரு விஷயத்தைத் தவற விடுகிறார்கள். அந்தக் காலத்து உடை, ஆட்டத்துக்கான சாட்சியம். ஓவருக்கு இத்தனை பவுன்சர்தான் என்ற கட்டுப்பாடு 1991-ல்தான் வந்தது. அதற்கு முன் ஆறும் தலைக்கு வந்தாலும் நடுவர் மனம் வைத்தால்தான் உண்டு. டெஸ்டில் முதன்முதலாக ஹெல்மெட் போட்டவர் கிரஹாம் யாலப், 1978-ல். விவியன் ரிச்சர்ட்ஸ் கடைசிவரை தொப்பியோடுதான் நின்றார். கவாஸ்கர் முழு ஹெல்மெட் பக்கமே போகாமல் நெற்றிப்பொட்டை மறைக்கும் மெல்லிய கவசத்தோடு நிறுத்திக்கொண்டவர். ஹெல்மெட் இல்லாத தலை பந்தை விட்டுக் கண்ணை எடுக்காது, எடுத்தால் ஆஸ்பத்திரி. பழைய நாடாவில் பவுன்சரைக் கடைசி நொடிவரை பார்த்து முகவாயை ஒதுக்கும் அந்த நளினம் அழகுக்காக வந்ததல்ல.

மட்டையும் அப்படித்தான். விளிம்பு 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று 2017-ல் விதி போட வேண்டிய அளவுக்கு இன்றைய மட்டை தடித்துவிட்டது. 1983-ன் மட்டை விளிம்பு அதில் பாதிகூடத் தேறுமா என்பது சந்தேகம். நடுவில் படாத பந்து எல்லைக்குப் போகவே போகாது. எல்லையும் கயிறு போட்டு உள்ளே இழுத்ததல்ல, பல மைதானங்களில் வேலிவரை. இவ்வளவையும் கழித்துவிட்டு 94 பந்தில் சதம் என்ற எண்ணைத் திரும்பப் பாருங்கள்.

கிரிக்கெட்டை விட மோசமாகக் கேமரா பழிவாங்கிய ஆட்டம் ஒன்று தில்லியிலேயே நடந்தது. 1982 ஆசிய விளையாட்டு, ஹாக்கி இறுதிப் போட்டி, டிசம்பர் 1, தேசிய ஸ்டேடியம். வண்ண ஒளிபரப்பு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. வண்ணப் பெட்டி வாங்க முடியாதவர்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன் வண்ணப் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். முதல் கோல் இந்தியாவுடையது. முடிவில் பாகிஸ்தான் 7, இந்தியா 1. பிரதமர் இந்திரா காந்தி பார்த்துக்கொண்டிருந்தார். பழி முழுக்கக் கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகி தலையில் விழுந்தது. விலைபோய்விட்டார் என்றே பேசினார்கள்.

அந்தக் காட்சிகளை இன்று பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. பந்து வட்டத்துக்குள் வரும்போது சட்டகத்துக்குள் இருப்பவர்கள் அடிக்கிற பாகிஸ்தான் முன்கள ஆட்டக்காரரும் நேகியும்தான். தடுப்பாட்டக்காரர்கள் எங்கே? மேலே ஏறிப் போய்த் திரும்ப முடியாமல், சட்டகத்துக்கு வெளியே. இல்லாதவரைத் திரை காட்டாது. இருந்த ஒரே ஆள் ஏழு முறை குனிந்து பந்தை எடுத்ததை நாடே வண்ணத்தில் பார்த்தது. மேலிருந்து மைதானம் முழுவதையும் காட்டும் கோணம், நிறுத்தி நிறுத்திப் படம் வரைந்து விளக்கும் வசதி இரண்டும் இருந்திருந்தால், மறுநாள் பேச்சு தடுப்பாட்ட அமைப்பைப் பற்றி இருந்திருக்கும். நேகியின் கவசத்தையும் பாருங்கள்: இன்றைய கீப்பர் உடம்பு முழுக்க நுரைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பந்தின் மேலேயே பாய்கிறார். அன்றைய கால்காப்பைக் கட்டிக்கொண்டு அப்படிப் பாய்ந்தால் எழுந்திருக்கவே முடியாது.

நல்ல கேமராவில் பதிவான பழைய ஆட்டம் எப்படி நிற்கிறது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். 1985, மெல்போர்ன், பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பை. சேனல் நைன் எடுத்ததைத் தூர்தர்ஷன் வாங்கிக் காட்டியது. வெள்ளைப் பந்து, விளக்கொளி, இளநீலச் சட்டை, பூஜ்யத்தில் அவுட் ஆனவரோடு திரையில் அழுதுகொண்டே நடக்கும் வாத்து. கோல் மார்க்கெட் வீடுகளில் ஆட்டத்தைவிட அந்த வாத்துக்காகக் காத்திருந்த குழந்தைகள் இன்று ஐம்பதைத் தொடுகிறார்கள். வாத்து பழசாகிவிட்டது, கால்சட்டை பழசாகிவிட்டது. சிவராமகிருஷ்ணனின் லெக் ஸ்பின் பழசாகவில்லை. 19 வயது. பந்து மணிக்கட்டிலிருந்து எப்படிக் கழன்றது, காற்றில் எங்கே தொங்கியது, எங்கே இறங்கியது என்பதை முழுசாகப் பார்க்க முடிகிறது. மார்ச் 10 இறுதிப் போட்டியில் 48 ரன்னோடு செட்டாகியிருந்த பாகிஸ்தானின் மியாந்தத் இறங்கி வருகிறார், பந்து அவர் எதிர்பார்த்த இடத்துக்கு வரவில்லை, பின்னால் சதானந்த் விஸ்வநாத் பெயிலைத் தட்டிவிடுகிறார். பாகிஸ்தான் 176, இந்தியா எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி.

இந்த நாடாவைப் பேரனுக்குப் போட்டுக் காட்டியபோது அவன் சிரிக்கவில்லை. ஸ்டம்பிங்கை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இந்தக் கீப்பர் யாரு? அப்புறம் என்ன ஆனார்?” என்றான். மாமாதான் சொன்னார்: மூன்று டெஸ்ட், இருபத்திரண்டு ஒருநாள் ஆட்டம், அதோடு சரி.