ஐந்தடுக்குப் படம்: காட்டுவதும் காட்டத் தவறுவதும்

வளிமண்டலம் என்றதும் பள்ளி மாணவரின் நினைவுக்கு வருவது ஒரு படம். அடியில் மலையும் மேகமும், அதற்கு மேல் விமானம், இன்னும் மேலே எரிநட்சத்திரம், உச்சியில் செயற்கைக்கோள். கீழடுக்கு, மீள் அடுக்கு, இடை அடுக்கு, வெப்ப அடுக்கு, வெளி அடுக்கு என்று ஐந்து பட்டைகள், ஐந்து நிறங்கள். அறிவியல் கண்காட்சியில் அதைத் தெர்மகோலில் செய்து வைக்கிறார்கள். தேர்வில் பென்சிலால் வரைந்து மதிப்பெண் வாங்குகிறார்கள். பல நாடுகளில் பல தலைமுறைகளாக வளிமண்டலப் பாடம் இந்தப் படத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. இத்தனை காலம் ஒரு கற்பித்தல் முறை நிலைத்திருக்கிறது என்றால், அதற்குக் காரணம் இருக்கத்தான் வேண்டும்.

காரணம் இருக்கிறது; அதுவும் வலுவான காரணம். இந்தப் பிரிவினை யாரோ வசதிக்காகக் கோடு கிழித்துச் செய்தது அன்று. மேலே போகப் போக வெப்பநிலை எங்கெல்லாம் திசை மாறுகிறதோ, அங்கெல்லாம் எல்லை விழுகிறது. கீழடுக்கில் கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. மீள் அடுக்கில் அது திரும்ப ஏறுகிறது. இடை அடுக்கில் மறுபடி இறங்கி, 85 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி ஏறத்தாழ -90 டிகிரியைத் தொடுகிறது. வெப்ப அடுக்கில் மீண்டும் ஏற்றம். நான்கு அடுக்குகளுக்கு ஒரே அளவுகோல்; ஐந்தாவதான வெளி அடுக்கில் மட்டும் காற்றுத்துகள்கள் விண்வெளிக்குத் தப்பிப்போகும் அளவுக்கு அரிதாகிவிடுகின்றன.

இந்த எல்லைகளுள் முதலாவதைக் கண்டுபிடித்த கதையே ஒரு நல்ல அறிவியல் பாடம். உயரம் கூடக் கூடக் குளிர் கூடிக்கொண்டே போகும் என்றுதான் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பலரும் நம்பினார்கள். பாரிஸ் அருகே திராப் என்ற ஊரில் லியோன் தெசெரென் தெ போர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கருவிகளைக் கட்டிப் பலூன்களை மேலே அனுப்பினார். சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை குறைவது நின்றுபோயிருந்தது. வெப்பமானியில் வெயில் பட்டுத்தான் அளவு தவறுகிறதோ என்ற ஐயத்தில் இரவிலும் பலூன்களை விட்டுப் பார்த்தார். 200க்கும் மேற்பட்ட பலூன்களை அனுப்பிச் சோதித்த பிறகே 1902இல் முடிவை அறிவித்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் ரிச்சர்ட் அஸ்மானும் தனியே ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்திருந்தார்.

அடுக்குகளை அறிந்தவருக்குப் பல நிகழ்வுகள் விளங்கும். கோடை மாலையில் வானளாவ எழும் இடிமேகத்தைக் கவனித்தால், அதன் தலை ஓர் உயரத்துக்கு மேல் போக முடியாமல் பட்டறைக்கல்லின் மேற்பரப்புபோலத் தட்டையாகப் பரவியிருப்பது தெரியும். மேலே எழும் காற்று, தன்னைவிடச் சூடான மீள் அடுக்கைச் சந்தித்ததும் மிதப்பை இழந்து பக்கவாட்டில் பரவுகிறது. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை 1991 ஜூனில் வெடித்தபோது, அதன் கந்தக வாயு இந்த எல்லையையும் தாண்டி மேலே போனது. கீழடுக்கிலேயே நின்றிருந்தால் சில வாரங்களில் மழை அதைக் கழுவிவிட்டிருக்கும். மீள் அடுக்கில் மழை இல்லை. அங்கே உருவான கந்தக அமிலத் துளிகள் ஓரிரு ஆண்டுகள் தங்கி, உலகின் சராசரி வெப்பநிலையைத் தற்காலிகமாக அரை டிகிரி அளவுக்குக் குறைத்தன.

இவ்வளவையும் விளக்கக்கூடிய கருத்து வகுப்பறையில் ஐந்து பெயர்களாகச் சுருங்கிப்போவதுதான் வருத்தம் தருகிறது. அந்தச் சுருக்கத்தில் படத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

முதல் குறை அளவு. பல படங்களில் ஐந்து பட்டைகளும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருக்கின்றன. பூமியிலிருந்து 700 கிலோமீட்டர் உயரத்தை ஒரு மீட்டர் நீளத் தாளில் உள்ள விகிதப்படியே வரைந்தால், 12 கிலோமீட்டர் கீழடுக்குக்கு இரண்டு சென்டிமீட்டர்கூடத் தேறாது. மேகம், மழை, புயல், எவரெஸ்ட் சிகரம் எல்லாம் அந்த மெல்லிய பட்டைக்குள் அடங்கிவிடும். வளிமண்டல நிறையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. சரிபாதி முதல் ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. காற்று மேலே போகப் போக எவ்வளவு விரைவாக அருகுகிறது என்பது வளிமண்டலத்தின் அடிப்படை உண்மைகளுள் ஒன்று. சம அகலப் பட்டைகளில் அதற்கு இடமே இல்லை. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி போய்ச் சேரும்போது உப்பிப் புடைத்திருப்பதைப் பார்த்த மாணவர்கள் ஏராளம். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு என்பதுதான் காரணம். கண்ணால் பார்த்த இந்தச் செய்திக்கும் பாடப் படத்துக்கும் தொடர்பு இருப்பதாக மாணவருக்குத் தோன்ற வழியில்லை.

இரண்டாம் குறை, எல்லைகள் எங்கும் ஒரே உயரத்தில் நிற்பதுபோன்ற தோற்றம். கீழடுக்கு துருவங்களில் சுமார் 8 கிலோமீட்டரிலும், நிலநடுக்கோட்டுப் பகுதியில் 16 முதல் 18 கிலோமீட்டரிலும் முடிகிறது. பாடநூல்கள் பலவும் இந்த எண்களைச் சொல்லிவிட்டு, அவற்றின் விளைவை விட்டுவிடுகின்றன. சென்னையில் தரையில் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டு, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் 16.5 கிலோமீட்டர் கழித்துக்கொண்டே போனால் -77 டிகிரி வருகிறது. உண்மை அளவும் அதை ஒட்டியே இருக்கிறது. வெயில் கொளுத்தும் ஊருக்கு நேர் மேலே கீழடுக்கின் உச்சி, துருவத்தில் இருப்பதைவிடக் குளிர்ந்து கிடக்கிறது! பள்ளிக் கணக்கிலேயே கிடைக்கும் இந்த வியப்பை மாணவருக்குக் கொடுக்காமல் விடுவது பெரிய இழப்பு.

இதே குறையிலிருந்து ஒரு தவறும் பிறக்கிறது. மீள் அடுக்கில் மேகமும் கொந்தளிப்பும் இல்லாததால் ஜெட் விமானங்கள் அங்கே பறக்கின்றன என்று காலங்காலமாகச் சொல்லித்தருகிறார்கள். பயணிகள் விமானம் பறப்பது 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில். ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போகும் விமானம் அந்த உயரத்தில் மீள் அடுக்கைத் தொடுவது உண்டு. சென்னையிலிருந்து மதுரைக்கோ கொழும்புக்கோ போகும் விமானம் கடைசிவரை கீழடுக்கில்தான் இருக்கிறது. வழியில் தன்னைவிட உயரமான இடிமேகம் எதிர்ப்பட்டால் சுற்றித்தான் போக வேண்டும்.

மூன்றாவது, வெப்ப அடுக்கின் 1,500 டிகிரி. அந்த எண்ணைப் படிக்கும் மாணவர், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏன் உருகவில்லை என்று கேட்டால் அது அருமையான கேள்வி. அங்கே ஒவ்வொரு துகளும் மிக வேகமாக ஓடுகிறது. ஆனால் துகள்களின் எண்ணிக்கை மிகச் சொற்பம். வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்ற அடிப்படைப் பாடத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பட்டையின் மேல் எண்ணை மட்டும் எழுதி நகர்ந்துவிட்டால், வாய்ப்பு குழப்பமாக மாறிவிடுகிறது.

ஆசிரியர்மேல் பழி போடுவது நியாயமாகாது. இருப்பது சில பாடவேளைகள்; கேட்கப்படுவதோ “அடுக்குகளைப் பெயரிடுக” என்ற வினா. அதற்கு இந்தப் படம் விரைவாகப் பயன்படுகிறது. மெதுவாகக் கற்கும் மாணவரும் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒரு வரிசையைத் தருகிறது. ஆகவே படத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதை வரைபடத்தாளுக்கு மாற்றினால் போதும்.

கிடையச்சில் வெப்பநிலை, நெட்டச்சில் உயரம். வளைகோடு இடமும் வலமும் திரும்பும் ஒவ்வொரு முனையிலும் “இங்கே சூடு எங்கிருந்து வருகிறது?” என்று கேட்கலாம். கீழடுக்கைச் சூடாக்குவது பெரும்பாலும் வெயிலில் காய்ந்த தரை. அதனால் தரையை விட்டு விலக விலகக் குளிர். மீள் அடுக்கைச் சூடாக்குவது புறஊதாக் கதிரை விழுங்கும் ஓசோன். அதன் மொத்தத்தையும் கடல்மட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன்தான் தேறும். இடை அடுக்கில் அப்படி விழுங்குவதற்கு ஓசோன் போதுமான அளவு இல்லை. வெப்ப அடுக்கில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் சூரியனின் மிகக் கடுமையான கதிர்களை ஏற்றுக்கொள்கின்றன. காரணம் பிடிபட்ட பிறகு பெயர்களை நினைவில் வைப்பது சுலபம்.

தரவுக்கும் பஞ்சமில்லை. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து வானிலை ஆய்வுத் துறை நாள்தோறும் பலூன் பறக்கவிடுகிறது. அதில் தொங்கும் சிறு கருவி வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை வானொலி அலைகள்மூலம் கீழே அனுப்புகிறது. இந்த அளவுகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சென்னையின் ஒருநாள் எண்களையும் மாஸ்கோவின் எண்களையும் ஒரே தாளில் குறித்தால், இரண்டு ஊர்களிலும் கீழடுக்கு வெவ்வேறு உயரத்தில் முடிவதை மாணவர் தாமே கண்டுகொள்வார். ஒரு பாடவேளைக்குள் முடியும் வேலை இது. வினாத்தாளும் அதற்கேற்ப மாற வேண்டும். அடுக்குகளைப் பெயரிடச் சொல்லும் இடத்தில் இப்படி ஒரு வளைகோட்டைக் கொடுத்து, கீழடுக்கு எங்கே முடிகிறது என்று குறிக்கச் சொல்லி, அங்கே வெப்பநிலை ஏன் திரும்புகிறது என்று நான்கு வரி எழுதச் சொல்லலாம்.