ஏரோது வரட்டும், பிறகு போங்கோ

இரவு பத்தரைக்கு எழும்பி வந்துவிடலாம் என்றுதான் போனேன். மறுநாள் விடிய எனக்குக் கொழும்பு பஸ். மச்சாள் வீட்டில் பை கட்டி வைத்தாயிற்று. கோயில் வளவில் கூத்து என்றார்கள். மரியாதைக்கு அரை மணித்தியாலம் தலையைக் காட்டுவோம் என்று ஒரு பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் குந்தினேன். பத்தே முக்காலுக்கு மெல்ல எழும்பினால், பக்கத்தில் பாய் விரித்துப் பேரப்பிள்ளைகளோடு இருந்த ஒரு ஆச்சி என் சாரத்தின் கரையைப் பிடித்து இழுத்தார். “தம்பி, இருங்கோ. ஏரோது வரட்டும், பிறகு போங்கோ.”

ஏரோது வந்தது ஒன்றரை மணிக்கு. நான் எழும்பியது வெளிச்சம் வந்த பிறகு. பஸ் போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்குப் பித்துத்தான். மன்னாரில் கூத்து என்று காதில் விழுந்தால் லீவு போடுகிறேன். சென்னையில் மார்கழிக் கச்சேரிக்குப் போயிருக்கிறேன், கொழும்பில் கண்ணாடி மண்டபத்தில் டிக்கெட் வாங்கி ஜாஸ் கேட்டிருக்கிறேன். கோயில் வளவில் கேட்ட அந்த இரவுக்குப் பக்கத்தில்கூட அவை நிற்கவில்லை. மிகைதான், தெரியும். கூத்துப் பைத்தியத்திடம் நிதானத்தை எதிர்பார்க்கக் கூடாது.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். மன்னார்த் தீவில், பேசாலைப் பக்கம், ஒரு கடற்கரை ஊர், அவ்வளவு போதும். சொன்னால் அடுத்த ஊர்க்காரர், “அதெல்லாம் ஒரு கூத்தோ? எங்கட அண்ணாவியாரைக் கேட்டனியளோ?” என்று சண்டைக்கு வருவார்கள். வந்தும் இருக்கிறார்கள்.

அன்று ஆடியது மூவிராசாக்கள். பாலன் இயேசுவைத் தேடி வால்வெள்ளியின் பின்னால் போன மூன்று அரசர்களின் கதை. கதையில் என்ன இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அரை மணித்தியாலத்தில் முதல் ராசாகூட வந்து முடியவில்லை. அந்த ஒருவரின் வரவிலேயே நான் விழுந்துபோனேன்.

திரைக்குப் பின்னால் இருந்து முதலில் குரல் மட்டும் வருகிறது. விருத்தம். தாளம் கிடையாது, மத்தளம் வாய் மூடி இருக்கிறது. ஒரு சொல்லை எடுத்து, அதை மேலே கொண்டுபோய், அங்கேயே நிறுத்தி, மூச்சு முடியும் நேரத்தில் கீழே விடுகிறார். மைக் இல்லாத காலத்தில், கடைசிப் பாயில் இருக்கிற கிழவிக்கும் கேட்க வேண்டும் என்று பழக்கிய தொண்டை அது. அந்த உச்சியில் அவர் நிற்கும்போது வளவுக்கு வெளியே ஒரு கழுதை கத்தியது. மன்னார்க் கழுதைகளுக்கு நேரம் காலம் தெரியாது. யாரும் சிரிக்கவில்லை. பாடகர் கழுதை முடிக்கும்வரை அந்த உச்சியிலேயே நின்று, பிறகு இறங்கினார். அப்போதுதான் கைதட்டல். அதன் கடைசிச் சொல்லைப் பிற்பாட்டுக்காரர் நாலு பேர் அப்படியே பிடுங்கித் தருவாக, தாளத்தோடு வரும் பாட்டாக, மாற்றுகிறார்கள், மத்தளம் விழுகிறது, தாளம் சேர்கிறது, திரை விலகுகிறது, சரிகையும் கண்ணாடித் துண்டும் மினுங்க ராசா நிற்கிறார். என் முழங்கையில் மயிர் எழும்பியது.

மட்டக்களப்புக் கூத்தில் கால்தான் பேசும். இங்கே தொண்டை. ஆட்டம் உண்டு, ஆனால் அளவாக. முழுப் பாரமும் பாட்டின் தலையில். மன்னாருக்குள்ளேயே இரண்டு பாங்கு இருக்கிறது, மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு. எது எதில் எங்கே பிரிகிறது என்று தேத்தண்ணிக் கடையில் கேட்டுவிடாதீர்கள், கடை பூட்டும் நேரம் வந்துவிடும். விரிவாக ஆடினால் நாடகம், சுருக்கினால் வாசாப்பு. வாசகப்பா என்ற சொல்தான் வாயில் அடிபட்டு வாசாப்பு ஆனது என்பார்கள்.

நான் இருந்த இடத்தில் இருந்து, கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் பக்கவாட்டு முகம் தெரிந்தது. எழுபதைத் தாண்டியவர். மடியில் மத்தளம், பக்கத்தில் ஒரு சி.ஆர். கொப்பி. பழைய ஏட்டில் இருந்து அவருடைய தகப்பன் எழுதிய கொப்பியை அவர் மறுபடி பார்த்து எழுதியது. அதன் மட்டைக்குப் பொலித்தீன் உறை போட்டு, வாயை மெழுகுதிரியால் சூடுகாட்டி ஒட்டியிருந்தது. போர்க்காலத்தில் படகேறி இந்தியாவின் மண்டபம் அகதி முகாமுக்குப் போனபோதும் திரும்பி வந்தபோதும் அந்தப் பொலித்தீனுக்குள் இருந்தது இந்தக் கொப்பிதான் என்று விடிந்த பிறகு சொன்னார். ஆனால் இரவு முழுக்க அவர் கொப்பியைத் திறக்கவே இல்லை. ஆடுகிறவர் ஒருவர் ஒரு அடியை மறந்து திணறினால், மத்தளத்தில் ஒரு விரலைச் சுண்டி, உதட்டை மட்டும் அசைப்பார். அந்த உதட்டைப் பார்த்து அடுத்த சொல் மேடையில் பாட்டாய் வரும். எங்கேயும் அறுபட்டது தெரியாது.

இந்தக் கூத்துகளுக்கு வயது இருக்கிறது. போர்த்துக்கேயர் மன்னாரில் கோட்டை கட்டியது 1560இல். அவர்கள் கொண்டுவந்த வேதக் கதைகளும் இந்த மண்ணில் முதலே இருந்த கூத்தும் சேர்ந்து பெற்ற பிள்ளை இது. என்றீக் எம்பரதோர் என்று ஒரு நாடகம் இருக்கிறது. எம்பரதோர் என்றால் பேரரசன், நேரே போர்த்துக்கேயச் சொல். அதை ஒரு மன்னார் மீனவர் விருத்தத்தில் இழுக்கும்போது லிஸ்பன்காரனே வந்தாலும் தன்னுடைய சொல் என்று கண்டுபிடிக்க மாட்டான். அறுபதுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கைக்கொப்பிகளைத் தேடியெடுத்துப் பதிப்பித்தார். என்றீக் எம்பரதோர் 1964இல், மூவிராசாக்கள் 1966இல், ஞானசவுந்தரி 1967இல் அச்சேறின. அவர் அதைச் செய்திராவிட்டால் எத்தனை கொப்பிகள் கறையானுக்கும் கடலுக்கும் போயிருக்குமோ. ஆனாலும் அச்சில் வந்த புத்தகத்தைக் கையில் எடுத்து நான் வாசித்தபோது ஒன்றுமே நடக்கவில்லை. பாட்டில்தான் அது எழும்புகிறது.

பழையதை மட்டும் சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள் என்றும் இல்லை. முருங்கனில் ‘குழந்தை’ செபமாலை மாஸ்டர் முத்தமிழ்க் கலாமன்றத்தைக் கட்டி எழுப்பி, பழைய மெட்டில் புதுக் கதைகளை எழுதி ஆடுவித்தவர். மரிய சேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் யாழ்ப்பாணத்தில் இருந்து மன்னார்வரை கிளைவிட்டது. தவக்காலம் வந்தால் கூத்துக்கு ஓய்வு, இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்குவுக்கு வேலை. உருவப் பொம்மைகளை வைத்து நடத்தும் பேசாலையின் உடக்குப் பாஸ்கு பற்றி எழுதத் தொடங்கினால் தனிக் கட்டுரையாகிவிடும்.

பாலனைக் கொல்லத் தேடிய அரசன் ஏரோதுக்கு வருவோம். ஆச்சி சொன்னது சரி. மூன்று ராசாக்களும் தேனாகப் பாடினார்கள், இவன் கரகரவென்று பாடினான். பகலில் மீன் வெட்டி விற்கிற ஆள் என்று ஆச்சி காதில் சொன்னார். வாளைத் தரையில் ஊன்றி, திரும்பிப் பார்க்காமலே மந்திரியைக் கூப்பிட்டான். முன்வரிசையில் இருந்த சின்னன்கள் ஒரே இழுவையில் பாயோடு பின்னால் வந்தார்கள். பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் தரு நல்ல துள்ளல் மெட்டு. கால் தானாகத் தாளம் போடுகிறது, என்னத்துக்குத் தாளம் போடுகிறோம் என்று உறைத்தவுடன் நிற்கிறது. அந்த மெட்டைப் போட்ட பழைய புலவன் யாரோ, பெரிய ஆள்.

பிறகு ஒரு தாய் வந்தாள். இருபது வயதுப் பெடியன் ஒருவன்தான் சேலை கட்டி வந்தது. கையில் சீலை சுற்றிய பாவைப்பிள்ளை. மத்தளம் இல்லை, பிற்பாட்டு இல்லை. ஒப்பாரி. பெண்கள் பக்கம் முழுவதும் அசையாமல் இருந்தது. இந்தக் கரையில் இன்றைக்கும் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, போரில் காணாமல் போன பிள்ளையைத் தேடுகிற தாய்மார் இருக்கிறார்கள். ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கடலைப் பார்த்தேன். தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்தன.

குறையே இல்லையா என்றால், உண்டு. அன்றைய சவுண்ட்காரர். எக்கோவை முழுக்கத் திருகி வைத்திருந்தார். மேலே இருந்து கயிற்றில் தொங்கும் மைக்குக்குக் கீழே வந்தால் ராசா கிணற்றுக்குள் இருந்து பாடுகிற மாதிரி, இரண்டடி தள்ளிப் போனால் மனிதக் குரல். எனக்கு அந்த இரண்டடி தள்ளிய குரல்தான் வேண்டியிருந்தது. நடுச்சாமத்தில் ஜெனரேட்டர் நின்று பத்து நிமிஷம் இருட்டு. பெற்றோல்மாக்ஸைக் கொளுத்தி நடுவில் வைத்தார்கள், கூத்து நிற்கவில்லை. மைக் இல்லாமல் கேட்ட அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே ஜெனரேட்டர்காரனுக்கு மாலை போட்டிருப்பேன்.

இதெல்லாம் யார் காசு? ஊர்க் காசு. உடுப்பு வாடகை, மேடை, வெளிச்சம், ஒத்திகை நாட்களின் தேத்தண்ணி எல்லாம் வீடு வீடாகச் சேர்த்தது. இடையிடையே மைக்கில் பெயர் வாசிக்கிறார்கள்: பிரான்சில் இருந்து இன்னார், கனடாவில் இருந்து இன்னார், இந்த வளவுக்குப் பக்கத்தில் இருந்து இன்னாருடைய அம்மா ஐந்நூறு ரூபா. ஆடுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது, கடலுக்குப் போகாத நாட்களின் உழைப்பையும் விடுகிறான். திருநாள் இரவுக்கு வெளியூர் இசைக்குழுவை இறக்குவதா, கூத்தா என்று ஒவ்வொரு வருஷமும் இளைஞருக்கும் பெரியவருக்கும் இழுபறி. இசைக்குழுவோடு எனக்குப் பகை இல்லை, நானும் ஆடியிருக்கிறேன். ஆனால் இசைக்குழு அடுத்த கிழமை வேறெங்காவது வாசிக்கும். இந்த ஏரோது இந்த மேடையில் மட்டும்தான்.

ஆகவே போங்கள். இரவு ரயில் ஓடுகிற நாளாகப் பார்த்துக் கொழும்புக் கோட்டையில் ஏறினால் நித்திரை முறியும்போது தலைமன்னார் வந்துவிடும். 2015இல்தான் அந்தத் தண்டவாளம் மறுபடி தலைமன்னாரைத் தொட்டது. நல்லெண்ணத்தோடு ஒரு பாயும் கொண்டுபோங்கள், கதிரையில் இருந்தால் முதுகு விடியுமுன் போய்விடும். கச்சான் வாங்குங்கள், ஆச்சிமாருக்குப் பகிருங்கள், கதை விளங்காத இடத்தை அவர்கள் சொல்லித் தருவார்கள், விளங்கிய இடத்தையும் சொல்லித் தருவார்கள். போனை உயர்த்தி விடியவிடியப் படம் பிடிக்காதீர்கள், பின்னால் இருப்பவருக்கு ராசா தெரியாது. பெயர் வாசிக்கிறவரிடம் போய் உங்களுடைய ஆயிரத்தையும் கொடுங்கள். பெயரைப் பிழையாகத்தான் வாசிப்பார், பரவாயில்லை.

மங்களம் பாடி முடியும்போது கிழக்கு வெளுத்திருந்தது. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு சனம் கலைந்தது. பஸ் போனவன் என்ன செய்வது, மச்சாளுக்கு மீனாவது வாங்கிக்கொண்டு போவோம் என்று கரைப்பக்கம் நடந்தேன். மரப்பலகைக்குப் பின்னால் ஏரோது நிற்கிறான். காதுக்குப் பக்கத்தில் மீசையின் மை இன்னும் அழியவில்லை. ஒரு பாரையை வெட்டிக்கொண்டிருந்தான். விலை கேட்டேன். வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, விரல்களை விரித்து விலை சொன்னான்.

எனக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தது அதே ஆச்சி.

“இரவு அத்தனை பிள்ளையளையும் கொன்றவன். ஐம்பது ரூபா குறைக்க மனம் வராதோ?”

ஏரோது கத்தியை வைத்துவிட்டு ஒரு விரலை மடக்கினான்.