போதை மீட்சியும் இளைஞர் மீள்திறன் அளவீடும்: ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

துன்பச் சூழலிலும் நிலைகுலையாது எழும் ஆற்றலை உளவியலார் மீள்திறன் என்பர். போதைப் பழக்கத்தைக் கைவிட்ட இளைஞர் மீண்டும் அதில் வீழாதிருக்க இவ்வாற்றலே அரண் எனக் கருதி, அதனை எண்ணால் அளக்க முற்படுகின்றனர். விருதுநகர் மாவட்டம் ஏழாயிரம்பண்ணை போன்ற பட்டாசுத் தொழில் ஊர்களில் அத்தகைய அளவுகோல் எதை அளக்கும், எதைத் தவறவிடும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவுகோலின் அடிப்படை

கானர், டேவிட்சன் ஆகியோர் 2003இல் வெளியிட்ட அளவுகோலில் 25 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். உச்ச அளவு 100. கடந்த ஒரு மாத அனுபவத்தை எண்ணி விடையளிக்க வேண்டும். கூற்றுகளுள் பெரும்பாலானவை தனிமனித உறுதியையே வினவுகின்றன. ஆனால் 1985இல் மார்லட், கார்டன் ஆகியோர் விளக்கிய கோட்பாட்டில் துயர உணர்வு, பிறருடனான பிணக்கு, தோழமையின் வற்புறுத்தல் ஆகியன மீள்வீழ்ச்சிக்கான முதன்மைச் சூழல்கள். இவற்றுள் பின்னிரண்டும் பிறரோடு கொண்ட உறவில் பிறப்பவை. ஒருமுறை சறுக்குதல் வேறு, பழைய நிலைக்கே திரும்புதல் வேறு என்றும் அவர்கள் பிரித்தனர். ஒற்றை எண் இவ்வேறுபாட்டைக் காட்டாது.

திருக்குறளின் வைப்புமுறையும் இங்கு நோக்கத்தக்கது. இடுக்கண் அழியாமை 63ஆம் அதிகாரம். கள்ளுண்ணாமையோ வரைவின் மகளிர், சூது ஆகியவற்றுக்கிடையே 93ஆம் அதிகாரமாக நிற்கிறது. போதையை மனத்தளர்ச்சியாக மட்டுமன்றித் தகாத தொடர்பாகவும் காணும் நோக்கு இவ்வைப்பில் புலப்படுகிறது.

வட்டாரச் சூழல்

பட்டாசுத் தொழில் தீபாவளியை நோக்கி இயங்குவது. வேலையும் கூலியும் ஆண்டு முழுதும் சீராக இரா. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபின் பல ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. 2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய ஊரில் ஒரு மாதத்தை மட்டும் வினவினால், வேலை நிறைந்த மாதத்தில் ஓர் எண்ணும் ஆலை மூடிய மாதத்தில் வேறோர் எண்ணும் கிடைக்கக்கூடும். மாறியது இளைஞரின் திறனா, அவரது சூழலா என்பதை அவ்வெண் உணர்த்தாது.

வெடிமருந்தைக் கையாளுமிடத்தில் ஒருவரின் போதை பலரின் உயிரைப் பறிக்கும். ஆதலின் இம்மதிப்பெண்ணை வேலைக்கு ஆளெடுக்கும் சல்லடையாக்க முனைவோர் எழலாம். அது இருவகையில் தீங்கு. இன்று ஒருவர் போதையில் உள்ளாரா என்பதை மீள்திறன் எண் கூறாது. குறைந்த எண் பெற்றவர் மீட்சிக்குத் துணையான கூலியை இழப்பார். வேலை பறிபோகும் என அஞ்சுபவர் உண்மையான விடையும் அளிக்கமாட்டார்.

முடிவுரை

மைக்கேல் உங்கர் குழுவினரின் 28 கூற்று இளையோர் அளவுகோல் தனிமனிதர், பராமரிப்போர், சமூகச் சூழல் ஆகிய மூன்றையும் வினவுவதால் இவ்வட்டாரத்துக்கு ஓரளவு பொருந்தும். அதனையும் பேச்சுத்தமிழில் வாய்மொழியாக, தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஆலை மூடிய காலத்திலும் எனப் பலமுறை வினவுதல் வேண்டும். குறைந்த எண் யாருக்குக் கூடுதல் துணை தேவை என்பதைக் காட்டப் பயன்படுமாயின் அளவீடு பொருளுடையது. ஒருவரை விலக்கப் பயன்படுமாயின் அதுவே மீள்வீழ்ச்சிக்கு வழிவகுக்கும்.