கவ்வாத்து

தேயிலைத் தோட்டம் என்றாலே கொழுந்து பறிக்கும் பெண்கள்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறார்கள். காலண்டர் படங்கள் அப்படிப் பழக்கிவிட்டன. என்னைக் கட்டிப்போடும் வேலை வேறு. அதைப் படமெடுக்க யாரும் வருவதில்லை. அதுதான் கவ்வாத்து.

கவ்வாத்து வெட்டிய மலையை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். நேற்றுவரை பச்சைப் பாய் விரித்திருந்த சரிவில் இன்று முழங்கால் உயரத்துக்கு வெறும் கட்டைகள், தீ தின்றுவிட்டுப் போனதைப்போல. ஆனால் தேயிலை உண்மையில் செடியல்ல, மரம். கோத்தகிரிப் பக்கம் ஓர் ஓடைக்கரையில், கத்தியே படாமல் இருபது அடிக்கு மேல் வளர்ந்த தேயிலையைப் பார்த்திருக்கிறேன். உடம்பெல்லாம் வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் குஞ்சம். நல்ல அழகுதான். ஆனால் பூவுக்கும் காய்க்கும் போகிற சத்து கொழுந்துக்கு வராது. அந்த மரத்தை இடுப்பளவில் நிறுத்தி, பூக்கும் நினைப்பே வராமல் தளிர்த்துக்கொண்டே இருக்கவைக்கும் வித்தைதான் கவ்வாத்து. நீலகிரியில் நூறு வயதைத் தாண்டிய தேயிலை இன்னும் கொழுந்து தருகிறது. வயதெல்லாம் அடிக்கட்டையில் இருக்கிறது. மேலே இருப்பது நாலைந்து வருஷத்துக் கிளைதான்.

நினைத்த நாளில் வெட்டிவிட முடியாது. இலையெல்லாம் போனபின் செடி வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைத் தின்றுதான் பிழைக்க வேண்டும். அதனால் முதலில் வேரைக் கேட்கிறார்கள். பென்சில் தடிமனில் ஒரு வேரை நறுக்கி, அயோடின் கரைசலில் நனைக்கிறார்கள். வெட்டுமுகம் கருநீலமாக மாறினால் சேமிப்பு இருக்கிறது, வெட்டலாம். வெளிறியே இருந்தால் சில வாரம் கொழுந்து பறிப்பதை நிறுத்திச் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அந்த நீலம் மெல்லப் படர்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோது, செடி வாய்திறந்து சம்மதம் சொன்னதாகவே எனக்குத் தோன்றியது.

நான் பார்த்தவர்களில் தேர்ந்த கவ்வாத்துக்காரர் ஒரு பெரியவர். பையனாக இருந்தபோது இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பின் அப்படி வந்தவர்களுக்கு வாழ்வு தரவே 1968இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது. அந்த மக்கள் கொண்டுவந்த பெரிய சொத்து கையிலிருந்த தொழில் என்பேன். பெரியவர் வேலைக்கு இறங்குமுன் கத்தியைத் தீட்டுவதற்கே நெடுநேரம் எடுத்துக்கொள்வார். நுனி வளைந்த கத்தி. இடது கை கிளையைப் பிடிக்க, வலது கை கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. விரல் மொத்தக் கிளை ‘சரக்’கென்று கையோடு வந்துவிடும். “ரெண்டாவது வெட்டுப் போட்டா அது கொத்துறது தம்பி, கவ்வாத்து இல்ல” என்பார்.

வெட்டுமுகத்தைத் தொட்டுப் பார்த்தேன். சாய்வாக, வழவழப்பாக, ஈரமாக இருந்தது. பட்டை எங்கும் கிழியவில்லை. சாய்வு இருந்தால்தான் மழைநீர் தங்காமல் வழியும். பட்டை கிழிந்தால் அந்த வழியாகப் பூஞ்சை நுழைந்து கட்டை உள்ளே உளுத்துப்போகும். இப்போது மோட்டார் பொருத்திய இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆள் கிடைக்காத காலத்தில் வேறு வழியில்லை, புரிகிறது. ஆனாலும் அவசரத்தில் பிளந்துவிட்ட கிளைகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

வெட்டின மட்டத்தையும் பார்க்க வேண்டும். செடிகளின் தலை சமதளமாக இருக்காது. நிலம் எப்படிச் சரிகிறதோ அதே சாய்வில் ஒவ்வொரு செடியும் வெட்டப்பட்டிருக்கும். எதிர்மலையிலிருந்து பார்த்தால் யாரோ மலையின் உடம்பைக் கையால் தடவிவிட்டதுபோல் இருக்கும்.

வெட்டியபின் கட்டையில் படிந்த பாசியைத் தேய்த்தெடுக்கிறார்கள். காயத்தில் தாமிர மருந்து பூசுகிறார்கள். வெட்டிப்போட்ட கிளைகளையே செடியின் தலையில் பரப்புகிறார்கள். வெறும் பட்டையை வெயில் சுட்டுவிடாமல் இருக்கத்தான் அது. பிறகு காத்திருக்க வேண்டியதுதான். காய்ந்த பட்டைக்குள்ளிருந்து அரிசி அளவில் மொட்டுகள் முட்டிக்கொண்டு வருவதைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். மூடுபனி நாட்களில் இந்தத் தளிரைத்தான் கொப்புள நோய் முதலில் பிடிக்கும், அதனால் கண் அகலாது.

இரண்டரை, மூன்று மாதத்தில் சிம்புகள் எழும்பிவிடுகின்றன. அப்போது பெரியவர் அளவு குறித்த கம்போடு வருவார். வெட்டிய இடத்திலிருந்து நாலைந்து அங்குலம் விட்டு, அதற்குமேல் எழுந்த ஒவ்வொரு நுனியையும் கிள்ளுவார். கிள்ளிய நுனிக்குக் கீழே இரண்டு மூன்று கிளை பிரியும், செடி பக்கவாட்டில் விரியும். ஒரு செடி முடிந்ததும் இரண்டடி பின்வாங்கி, ஒரு கண்ணை மூடி மட்டம் பார்ப்பார். எங்கோ ஒரு சிம்பு அரை அங்குலம் துருத்திக்கொண்டிருக்கும். திரும்பிப் போய் அதையும் கிள்ளிவிட்டுத்தான் அடுத்த செடிக்கு நகர்வார்.