தனித்த இடமும் சமையற்கட்டும்: தியான முகாம்களைப் பற்றி ஒரு திறனாய்வு

குமணன் என்னும் பெயர் தமிழருக்கு ஒரு காட்டை நினைவூட்டும். தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் ஒதுங்கியிருந்த அவ்வள்ளலைப் பெருந்தலைச் சாத்தனார் என்ற வறிய புலவர் தேடிச் சென்றார். கொடுக்க ஏதுமற்ற நிலையில், தன் தலையையே பரிசிலாக எண்ணி வாளைப் புலவரிடம் நீட்டினான் குமணன் என்பது புறநானூற்று வழிவந்த செய்தி. சாவடி என்பதோ வழிப்போக்கர் இளைப்பாறிச் செல்லும் இடம். சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லியை அடுத்துள்ள குமணன்சாவடியின் பெயர் வரலாற்றை ஆராய்வது நம் நோக்கமன்று. ஆயினும் தியான முகாம் ஒன்றை முடித்துக்கொண்டு, ஞாயிறு மாலை அவ்வூர் நெடுஞ்சாலையில் பேருந்துக்குக் காத்து நின்றபோது, அப்பெயரின் இரு பாகங்களும் நம் மனச்சான்றைத் தொட்டன.

வெள்ளி மாலை தொடங்கிய முகாம் அது. நகரச் சபை ஒன்றைச் சேர்ந்த நாற்பது பேர் வரை வந்திருந்தனர். முதலில் அதன் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒரே ஆலயத்தில் பின்னிருக்கையும் முன்னிருக்கையுமாக அமர்ந்தவர்கள் அங்கேதான் ஒருவர் பெயரை ஒருவர் அறிந்தனர். பேசாதிருந்த இரு குடும்பத்தார் சேர்ந்து செபித்தனர். ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், மனைவியை இழந்தபின் தமக்குச் செபமே வரவில்லை என்று மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டார். இவற்றை வெறும் உணர்ச்சியென ஒதுக்கும் இறையியல் நமக்கு வேண்டாம்.

எனினும், ஒரு நூலைத் திறனாய்வது போலவே ஒரு முகாமையும் திறனாயலாம். நூலுக்குள்ள அமைப்பும், சொல்லும், சொல்லாமல் விடுதலும் முகாமுக்கும் உண்டு.

அமைப்பை நோக்குவோம். காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை பாடல், அருளுரை, குழு ஆய்வு, சாட்சி, மீண்டும் பாடல். அமைதி வேளை என்று அச்சிடப்பட்டிருந்த அரைமணி நேரமும், முந்திய அருளுரை நீண்டதால் மறைந்தது. பெரியவரின் ஒப்புதலுக்குப் பின்னும் ஒருவரும் மௌனமாயிருக்கவில்லை. உடனே ஒரு பாடலை எழுப்பினோம். அவர் சொன்னதைக் கேட்கவா பாடினோம், கேளாதிருக்கவா?

1935இல் டீட்ரிக் போன்ஹோஃபர் ஜெர்மனியில் ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் குருத்துவ மாணவரைக் கூட்டி வாழ்ந்தார். 1937இல் நாசிக் காவலர் அதை மூடினர். அங்குப் பெற்ற அனுபவத்தைக் கொண்டு 1939இல் அவர் வெளியிட்ட சிறு நூலில், கூடியிருக்கும் நாளுக்கு ஓர் அதிகாரமும் தனித்திருக்கும் நாளுக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கினார். ஊழியத்தைப் பற்றி எழுதும்போது, திருவசனத்தை அறிவிப்பதற்கு முன்னரே நாவடக்கத்தையும், செவிகொடுத்தலையும், சிறு வேலைகளில் கைகொடுத்தலையும் வைத்தார். நம் முகாம்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. அறிவித்தல் நாள் முழுவதையும் விழுங்குகிறது, செவிகொடுத்தலுக்கு நேரமில்லை, கைகொடுத்தலுக்கோ கூலியாள் உண்டு.

அக்கூலியாள் எழுப்பும் கேள்வியே நம் திறனாய்வின் மையம். முகாமில் சமைக்கவும் துலக்கவும் மூன்று பெண்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். ஞாயிறு காலை ஐக்கியத்தைப் பற்றிய இறுதி அருளுரை முடிந்து திருவிருந்து நடந்தது. சமையற்கட்டிலிருந்து வெங்காயம் வதங்கும் மணம் வந்துகொண்டிருந்தது. அம்மூவரில் ஒருவர் திருமுழுக்குப் பெற்ற சபை அங்கத்தினர் என்பதும், அன்று நமக்குச் சமைத்ததால் தம் ஆலயத்துக்குச் செல்லவில்லை என்பதும் உணவு வேளையில்தான் தெரியவந்தன. ஆண்டவரின் பந்திக்கு அவரை ஒருவரும் அழைக்கவில்லை. இதை எழுதுகிறவனும் அழைக்கவில்லை.

“கூலி கொடுக்கிறோமே, அதில் குற்றம் என்ன?” என்று கேட்கலாம். கூலி நியாயமானது, அது குறையவும் கூடாது. குற்றம் கூலியில் இல்லை. ஐக்கியம் என்று நாம் வகுத்த வட்டம் சமையற்கட்டின் வாயிற்படியோடு நின்றுவிட்டதில் இருக்கிறது. தமிழ்த் திருச்சபைக்கு இது புதிய செய்தியன்று. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று கடிதம் விடுத்தபோது, அமரும் இடமும் பாத்திரத்தில் பருகும் வரிசையுமே பூசலுக்குக் காரணமாயின. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்குச் சான்றாக உடனுண்ணலைக் கேட்டது. கட்டாயத்தால் உண்ணும் விருந்து அன்பின் விருந்தாகுமா என்ற ஐயம் நியாயமே. எனினும், யார் சமைக்கிறார், யார் உடன் அமர்கிறார் என்ற கேள்விகளில்தான் நற்செய்தி மெய்யாகிறது என்பதை அத்தலைமுறை உணர்ந்திருந்தது. இன்று நாம் ஒரே பந்தியில் உண்கிறோம். ஆனால் பரிமாறுகிறவர் பந்திக்கு வெளியே நிற்கிறார்.

இதற்கு வேறு வழி உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1930இல் ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ் இமயமலைச் சாரலில் சாத்தால் ஆசிரமத்தைத் தொடங்கினார். ‘ஏன் வந்தேன்? எதை விரும்புகிறேன்? உண்மையில் எது எனக்குத் தேவை?’ என்னும் பொருளில் ஒவ்வொருவரும் உள்ளம் திறந்து பேச அங்கு ஒரு வேளை குறிக்கப்பட்டது. அத்துடன், வாரத்தில் ஒருநாள் துப்புரவாளர் உட்பட வேலையாட்களுக்கு விடுமுறை அளித்து, அவர்களது வேலையை வந்திருந்தவர்களே செய்தனர். கழிப்பிடத்தைத் துப்புரவாக்குவதும் அதில் அடங்கும். உள்ளம் திறத்தலும் துடைப்பம் ஏந்தலும் அங்கு ஒரே ஒழுங்கின் இரு பக்கங்கள். நாம் முதலாவதைக் கடன் வாங்கினோம், இரண்டாவதை விட்டுவிட்டோம்.

முகாம்களுக்கு வழக்கமாகக் காட்டப்படும் திருமறை ஆதாரம் மாற்கு 6:31. உண்ணவும் நேரமில்லாத சீடரை ஆண்டவர் தனித்த இடத்துக்கு அழைக்கிறார். ஆனால் நாம் அடுத்த வசனங்களை வாசிப்பதில்லை. படகு கரை சேருமுன்னரே மக்கள் கால்நடையாய் அங்கே வந்து சேர்ந்தனர். அவர்களை அனுப்பிவிடுமாறு சீடர் கேட்டனர். ஆண்டவரோ உணவளிக்கும் பொறுப்பைச் சீடர் கையிலேயே ஒப்புவித்தார். ஓய்வெடுக்க வந்தவர்கள் பந்தி பரிமாறினர். மீந்தவற்றையும் கூடைகளில் சேர்த்தெடுத்தனர். அதனால் தனிமை இல்லாமற் போகவில்லை. எல்லாரையும் அனுப்பிவிட்டு ஆண்டவர் செபிக்க மலைக்குச் சென்றார் என்று 46ஆம் வசனம் கூறுகிறது. தனிமையும் பந்தியும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை.

ஆகவே முகாம் நடத்தும் ஆயர்களுக்கும், நாளை நடத்தவிருக்கும் மாணவர்களுக்கும் மூன்று விண்ணப்பங்கள். அருளுரைகளில் ஒன்றைக் குறைத்து, அந்த வேளையை யாரும் நிரப்பாத மௌனமாக விட்டுவிடுங்கள். சமையலுக்கு வருவோருக்கு முழுக் கூலியையும் கொடுத்து, ஒரு வேளையேனும் அவர்களை அமரச் செய்து நாம் பரிமாறுவோம். திருவிருந்துக்கு மேசையை ஆயத்தம் செய்யுமுன், வளாகத்துக்குள் இருக்கும் விசுவாசிகள் அனைவரும் அழைக்கப்பட்டார்களா என்று ஒருவர் சென்று பார்த்து வரட்டும்.

அன்று நாம் ஏறிய பேருந்து மெட்ரோ உயர்பாதைத் தூண்களை ஒட்டி நகரை நோக்கி நகர்ந்தபோது, முகாமின் இறுதிப் பாடலை நம்மவர் மீண்டும் பாடினர். நமக்குப் பாட இயலவில்லை. காட்டில் ஒதுங்கியிருந்த குமணன் தன்னிடம் வந்த ஏழையைக் கண்டான். நாம் மூன்று நாள் ஒரே கூரையின் கீழ் இருந்தும் காணவில்லை. சாவடியில் தங்கியவர் வழியைத் தொடரத்தான் வேண்டும். அங்கே யாரைக் காணாமல் வந்தோம் என்ற கேள்வியையும் உடன் எடுத்துச் செல்வோமாக.