மாறும் தொடர்பு வலையில் ஒருமிப்பு: 2003ஆம் ஆண்டுத் தேற்றம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மையக் கட்டுப்பாடு இல்லாத பல முகவர்கள், தம்மிடையேயான தொடர்பு மாறிக்கொண்டே இருந்தாலும் ஒரே மதிப்பை எட்டுவர் என்பதற்கான நிபந்தனையை ஜத்பாபாய், லின், மோர்ஸ் ஆகியோர் 2003இல் நிறுவினர். விச்செக் மாதிரியில் தோன்றும் ஒழுங்குக்கு இத்தேற்றமே காரணம் கூறுவதாகப் பலரும் கொள்கின்றனர். தேற்றம் நிறுவுவது எது, முன்கூட்டியே எடுத்துக்கொள்வது எது என இக்கட்டுரை பிரித்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பல்முகவர் அமைப்பு, ஒருமிப்பு, மாறும் வலையமைப்பு, கூட்டு இணைப்பு, விச்செக் மாதிரி.

முன்னுரை

1995இல் விச்செக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஓர் எளிய கணினி மாதிரியை வெளியிட்டனர். அதில் துகள்கள் யாவும் ஒரே வேகத்தில் நகர்கின்றன. ஒவ்வொரு துகளும் குறிப்பிட்ட ஆரத்துக்குள் உள்ள துகள்களின் சராசரித் திசையைத் தன் திசையாக ஏற்கிறது. அதனுடன் சிறிது இரைச்சலும் சேர்கிறது. துகள்களின் அடர்த்தி மிகுந்து இரைச்சல் குறைந்த நிலையில், கூட்டம் முழுவதும் ஒரே திசையில் செல்வதை அவர்கள் கண்டனர். ஆயினும் அது கணினியில் கண்ட காட்சியே, நிறுவல் அன்று. அந்த இடைவெளியை நிரப்பியதாகவே 2003ஆம் ஆண்டுத் தேற்றம் பெயர்பெற்றது. இம்மதிப்பீடு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வினா.

தேற்றத்தின் வலிமை

எந்தக் கணத்திலும் வலையமைப்பு முழுமையாக இணைந்திருக்க வேண்டியதில்லை என்பதே தேற்றத்தின் சிறப்பு. காலத்தை அடுத்தடுத்த, எல்லையுள்ள இடைவெளிகளாகப் பகுக்க முடிய வேண்டும். ஒவ்வோர் இடைவெளியிலும் தோன்றிய தொடர்புகளை ஒன்றாகத் தொகுத்தால் முகவர் அனைவரும் இணைந்திருக்க வேண்டும். இதுவே கூட்டு இணைப்பு.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். அ, ஆ, இ என்னும் மூவரின் திசைகள் முறையே 0, 60, 120 பாகை எனக் கொள்வோம். முதற்படியில் அ, ஆ இருவர் மட்டும் சராசரி காண்கின்றனர். திசைகள் 30, 30, 120 ஆகின்றன. அடுத்த படியில் ஆ, இ இருவர். இப்போது 30, 75, 75. மீண்டும் அ, ஆ, 52.5, 52.5, 75. அ, இ இருவரும் ஒருமுறைகூட நேரில் தொடர்புகொள்ளவில்லை. இருப்பினும் மூவரிடையேயான மிகப்பெரிய வேறுபாடு 120இலிருந்து 90, 45, 22.5 எனச் சுருங்குகிறது. இம்முறை தொடர்ந்தால் மூவரும் 60 பாகையை நோக்கி நெருங்குவர். அணிப் பெருக்கங்களின் ஒருங்கல் குறித்து வுல்ஃபோவிட்ஸ் 1963இல் நிறுவிய தேற்றமே இதன் பொது நிறுவலுக்கு அடிப்படை.

இதற்கு முன்னோடிகளும் உண்டு. சிட்சிக்லிஸ் 1984இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே இத்தகைய முடிவுகள் உள்ளன. இத்தொடர்பைப் பெர்ட்செகாஸும் சிட்சிக்லிஸும் 2007இல் வெளியிட்ட குறிப்பில் சுட்டிக்காட்டினர்.

விடுபட்ட வினா

தேற்றத்துக்கும் மாதிரிக்கும் இடையே மூன்று வேறுபாடுகள் உள்ளன. முதலாவது, தேற்றத்தில் இரைச்சல் இல்லை. இரண்டாவது, தேற்றம் கோணங்களின் நேர்ச் சராசரியைக் கொள்கிறது; விச்செக் மாதிரியோ சைன், கோசைன் மதிப்புகளின் சராசரிவழித் திசையைக் காண்கிறது. 10, 350 பாகைகளின் நேர்ச் சராசரி 180. மாதிரியின் முறையில் அது 0. இரண்டும் நேரெதிர்த் திசைகள்.

மூன்றாவது வேறுபாடே அடிப்படையானது. விச்செக் மாதிரியில் யார் யாருக்கு அண்டையர் என்பதை அவரவர் இருப்பிடம் முடிவுசெய்கிறது. இருப்பிடத்தைத் திசை முடிவுசெய்கிறது. எனவே வலையமைப்பு, முகவர்களின் இயக்கத்திலிருந்தே பிறக்கிறது. தேற்றத்திலோ அது வெளியிலிருந்து தரப்படுகிறது. இச்சார்பை ஒதுக்கிவைப்பதாக ஆசிரியர்கள் வெளிப்படையாகவே கூறியுள்ளனர். ஆகவே குறை அவர்களுடையது அன்று. நிபந்தனையை மறந்து முடிவை மட்டும் எடுத்தாளும் வழக்கத்தினுடையது.

எல்லையற்ற தளத்தில், ஒருவர் மற்றவரின் ஆரத்துக்கு வெளியே நின்று எதிரெதிர்த் திசையில் விலகும் இருவரைக் கருதுவோம். இரைச்சல் இல்லாத நிலையில் அவர்கள் ஒருபோதும் சந்திப்பதில்லை; ஒருமிப்பும் இல்லை. விச்செக் குழுவினரின் கணிப்பு நிகழ்ந்த சதுரப் பரப்போ ஒரு விளிம்பில் வெளியேறும் துகள் எதிர் விளிம்பில் நுழையுமாறு அமைந்தது. பிரிந்தவர் மீண்டும் சந்திக்கும் வாய்ப்பைப் பரப்பின் அமைப்பே தருகிறது. கூட்டம் ஏன் சிதறவில்லை என்பதே விளக்கம் வேண்டும் வினாவாக இருக்க, தேற்றம் சிதறாமையையே எடுகோளாகக் கொள்கிறது.

மாற்று முயற்சி

குக்கரும் ஸ்மேலும் 2007இல் வேறு வழியை மேற்கொண்டனர். அவர்களது மாதிரியில் முகவரிடையேயான தாக்கம் தொலைவுக்கேற்பக் குறைகிறது. அக்குறைவின் அடுக்கு அரைக்கும் கீழாக இருப்பின், தொடக்கநிலை எதுவாயினும் ஒருமிப்பு உறுதி. இல்லையெனில், தொடக்க இருப்பிடங்களும் திசைவேகங்களும் ஒரு நிபந்தனையை நிறைவுசெய்ய வேண்டும். இங்கு நிபந்தனை எதிர்கால வலையமைப்பின் மீது அன்று, தொடக்கநிலையின் மீது வைக்கப்படுகிறது. எனவே முன்னரே சரிபார்க்கத் தக்கது. ஆயினும் இதற்கும் ஒரு விலை உண்டு. எத்துணைத் தொலைவிலும் தாக்கம் முற்றிலும் அறுவதில்லை எனக் கொள்வதால், தொடர்பு அறுந்து மீளும் சிக்கலே இம்மாதிரியில் எழுவதில்லை.

முடிவுரை

ஒரே நிபந்தனை இரு துறைகளில் இரு வேறு பணிகளைச் செய்கிறது. ஆளில்லா வானூர்திக் குழுவையோ உணரி வலையையோ வடிவமைக்கும் பொறியாளருக்குக் கூட்டு இணைப்பு என்பது ஒரு விதி. குறிப்பிட்ட காலத்துக்குள் அனைவரும் தொடர்பில் இணையுமாறு அவர் திட்டமிடலாம். அங்குத் தேற்றம் முழுப்பயன் தருகிறது. பறவைக் கூட்டத்தை ஆராய்வோருக்கோ அதே நிபந்தனை விடை காணவேண்டிய வினா. இவ்வேறுபாட்டைக் குறிப்பிடாமல் தேற்றத்தை மேற்கோள் காட்டும்போது, எடுகோள் விளக்கமாக மாறித் தோன்றுகிறது. ஆகவே இத்தேற்றத்தைக் கற்பிப்போரும் கையாள்வோரும், வலையமைப்பு வெளியிலிருந்து விதிக்கப்படுகிறதா, முகவர்களின் இயக்கத்தில் பிறக்கிறதா என்பதை முதலில் தெளிவுபடுத்துவது இன்றியமையாதது.